இரண்டு முறை 61 கிலோ

என் எடைக் கணக்கு நோட்டில் 61 என்ற எண் இரண்டு இடங்களில் வருகிறது. முதலாவது 2022 மே மாதம், அடுத்தது 2024 மே மாதம். எடை பார்க்கும் கருவியைக் கேட்டால் இரண்டு நாளும் ஒரே ஆள்தான் ஏறி நின்றாள் என்று சொல்லும். அளவு நாடா அப்படிச் சொல்லாது. முதல் 61இல் தொப்புள் மட்டத்தில் என் சுற்றளவு 92 சென்டிமீட்டர். இரண்டாவது 61இல் 83. இந்த ஒன்பது சென்டிமீட்டர் எங்கே போனது, எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் முறை நான் செய்ததையே இன்று பலரும் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். அது வருத்தமாக இருக்கிறது.

பாளையங்கோட்டையில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். 2022 ஜனவரியில் எனக்கு வயது 44, உயரம் 156 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்றார் மருத்துவர். எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தவள் நான். அன்று இரவே சாப்பாட்டைக் குறைத்துவிட்டேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் நடை. காலையில் கொள்ளுக் கஞ்சி. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் அல்லவா. மதியம் ஒரு கிண்ணம் வரகரிசிச் சோறும் காய்கறியும். இரவு ஒரு பழம், சில நாள் அதுவும் இல்லை. நான்கே மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது. புடவைக்கு மேல் தெரிகிற இடமெல்லாம் இளைத்தது. கன்னம் ஒட்டியது, கழுத்தெலும்பு தெரிந்தது. வயிறு மட்டும் பெரிதாக அசையவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது. இரண்டாம் மாடியில் பத்தாம் வகுப்பு. படியேறி முடித்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொள்வேன்.

அந்த வைகாசியில் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடை. தரையில் பந்தி. சாப்பிட்டு முடித்து எழப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, பக்கத்துச் சுவரைத் தேடினேன். என் வலப்பக்கம் 72 வயது அம்மாவும் அதேபோல் சுவரைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் மகள் ஓடி வந்தாள். “ஆச்சி, நீங்கள் முதலில் எழுந்திருங்கள். அத்தை, கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லிவிட்டு, அம்மாவைத் தூக்கி நிறுத்திய பிறகு எனக்குக் கை கொடுத்தாள். ஏழு கிலோ குறைத்த பெருமை அந்த இடத்திலேயே போய்விட்டது. 44 வயதுக்காரியும் 72 வயதுக்காரியும் ஒரே உதவிக்காகக் காத்திருந்தோம்.

மறுபடி இரத்தம் பார்த்தபோது 6.0. அவ்வளவு பட்டினிக்குப் புள்ளி ஒன்று. மருத்துவர் என் கையையும் தொடையையும் பார்த்துவிட்டு ஒரு செய்தி சொன்னார். புனேயின் மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் ஜான் யட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டு ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்களாம். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். உயரத்துக்கு ஏற்ற எடை இருந்தாலும் நம் மக்களிடம் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும், அதுவும் வயிற்றைச் சுற்றியும் இருக்கக்கூடும் என்பதற்கு அது நேரடிச் சாட்சி. “நீங்கள் எடையைக் குறைத்திருக்கிறீர்கள். அதில் தசையும் சேர்ந்து போயிருக்கிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கி வைத்துக்கொள்வதே தசைதான்” என்றார். வாடகைக்குக் கொடுத்த வீட்டை இடித்துவிட்டு வாடகை வரவில்லை என்று வருந்தியது போலிருந்தது எனக்கு.

இருந்தும் உடனே மாறவில்லை. பட்டினியைத் தொடர முடியாமல் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினேன். தீபாவளி தாண்டி, ஆண்டு முடிவதற்குள் எடை 65.5. நாடா 96 காட்டியது. 68 கிலோவில் இருந்தபோதே 97தான். இரண்டரைக் கிலோ குறைவாக இருந்தும் வயிறு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

2023 ஜனவரியில்தான் பளு தூக்கத் தொடங்கினேன். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, உடற்கல்வி படித்துவிட்டு, காலையில் பெண்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். போய் நின்றதும் “டீச்சர், நீங்களா?” என்றாள். பிறகு என்னைத் தராசில் ஏற்றவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னாள். பத்து முறை எழுவதற்குள் தொடை நடுங்கியது. “இதுதான் டீச்சர் உங்கள் முதல் பாடம்” என்றாள். ஒரு காலத்தில் அவளுக்கு நான் கூட்டல் சொல்லிக்கொடுத்தவள். அந்தப் பொறுமையை அவள் எனக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம்தான். ஐந்து வகை அசைவு, மற்றதெல்லாம் அவற்றின் உறவினர்கள். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, முன்னால் தள்ளுவது, தன்பக்கம் இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. ஜிம்மில் இவற்றுக்கு ஸ்குவாட், டெட்லிஃப்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாத்தா காலத்தில் பஸ்கி, தண்டால், கர்லாக்கட்டை. எங்கள் ஊர்ச் சாவடிப் பக்கம் இளவட்டக்கல் ஒன்று பாதி புதைந்து கிடக்கும். குழந்தையில் அதன்மேல் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடியிருக்கிறேன், யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. நெல்லை மாவட்டத்திலேயே வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னும் இளவட்டக்கல் போட்டி நடக்கிறது, பெண்களும் தூக்குகிறார்கள். அந்தப் படங்களைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு எட்டு முறை. மூன்று செட்டிலும் எட்டும் சுத்தமாக வந்தால் அடுத்த முறை கம்பியின் இரு பக்கமும் ஒன்றேகால் கிலோத் தகடு கூடும். வராவிட்டால் அதே எடையில் இன்னொரு வாரம். இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும், உயிரைக் கொடுத்துத் தூக்கத் தேவையில்லை. இதை நோட்டில் எழுதாமல் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எழுதாதவர்கள் ஆறு மாதம் அதே ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பதைப் பக்கத்திலேயே பார்த்தேன். பாரம் கூடாத வரை, தசைக்கு வளர வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

தரையிலிருந்து தூக்குவதை எட்டு கிலோ இரும்புக் குண்டில் ஆரம்பித்தேன். முதலாண்டு முடிவில் 47.5 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ என்று அப்போதுதான் கணக்குப் போட்டேன். அதற்கு முன் சிலிண்டர் வந்தால் அவர் வேலையிலிருந்து வரும்வரை வாசலிலேயே நிற்கும். இப்போது நானே உள்ளே கொண்டுபோய்விடுகிறேன். 25 கிலோ அரிசிச் சிப்பமும் அப்படித்தான்.

ஒரு காயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் நவராத்திரிக் கொலு வேலையில் பன்னிரண்டு நாள் போகவில்லை. திரும்பிப் போன முதல் நாளே விட்ட எடையைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் குனிய முடியவில்லை. இடைவெளி விட்டால் விட்ட எடையில் முக்கால் பங்குக்குக் கீழிருந்து தொடங்கி, இரண்டு வாரத்தில் மேலே வர வேண்டும். அவசரம் என்னுடையது, பயிற்சியின் குற்றமில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது என்பதையும் பயிற்சி கொடுத்த பெண் முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தாள்.

இனி சாப்பாடு. இதில்தான் எனக்கு அதிக ஆச்சரியம். நாம் சாம்பாரை நம்பி வாழ்கிறவர்கள். பருப்பு சாப்பிடுகிறோம், புரதம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் சிறு தராசை வைத்து அளந்தேன். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாள் சாம்பாருக்குப் போடும் துவரம்பருப்பு 100 கிராம். அதில் புரதம் 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை, அதுவும் காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்து. இட்லி ஒன்றில் இரண்டு கிராம். ஒரு கிண்ணம் சோற்றில் நான்கு. காலையிலிருந்து இரவு வரை கூட்டிப் பார்த்தால் நாற்பது கிராமைத் தாண்டவில்லை, அதிலும் பாதி அரிசியிலிருந்து வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி கிலோ எடைக்கு 0.83 கிராம் வேண்டும். என் எடைக்கு அதுவே 54. பளு தூக்கிக்கொண்டே எடையைக் குறைக்கிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நான் 90 என்று வைத்துக்கொண்டேன். அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது.

தொண்ணூறு என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம். எங்கள் சமையலுக்குள்ளேயே அது வந்துவிட்டது. காலையில் நான்கு இட்லி இரண்டானது, பக்கத்தில் மூன்று முட்டை வந்தது, சாம்பார் கெட்டியானது. மதியம் அம்பை-16 அரிசிச் சோறு ஒரு கிண்ணம், மீன் கிடைக்கிற நாளில் சாளையோ சூரையோ 150 கிராம். தூத்துக்குடி பக்கத்தில் இருக்கும்போது விலை உயர்ந்த மீனைத் தேட வேண்டியதில்லை. மீன் சமைக்காத செவ்வாய், வெள்ளியில் சோயா உருண்டை 40 கிராம், அதில் 20 கிராமுக்கு மேல் புரதம். மாலையில் சுண்டல். இரவு பாசிப்பருப்பு அடை இரண்டும் ஒரு பெரிய கிண்ணம் தயிரும். புரட்டாசி முழுவதும் முட்டையும் மீனும் கிடையாது. அந்த மாதம் கறுப்பு உளுந்து போட்டு வடித்த உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், பனீர் என்று ஓட்டினேன். நம் பாட்டிமார் பெண் பிள்ளைகளுக்கு உளுந்தை ஊட்டி ஊட்டி வளர்த்தது சும்மா இல்லை.

கொள்ளைப் பற்றியும் என் கருத்து மாறியது. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 100 கிராமில் இருபதுக்கு மேல் புரதம் இருக்கிறது. தண்ணீராக்கிக் கஞ்சியாகக் குடித்ததை நிறுத்திவிட்டு, முளைகட்டிச் சுண்டலாகச் சாப்பிட்டேன். அதுபோலத்தான் சிறுதானியமும். நார்ச்சத்து நல்லது, மறுக்கவில்லை. ஆனால் அரிசியானாலும் கம்பானாலும் கேழ்வரகானாலும் 100 கிராமில் 320 முதல் 360 கலோரிதான். மாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் இளைக்க முடியாது.

எண்ணெய்க் கணக்கு ஒன்று சொல்கிறேன், எங்கள் பள்ளியில் பலர் இதை வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். மாதம் ஐந்து லிட்டர் வாங்குவோம். நான்கு பேர், முப்பது நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது 340 கலோரிக்கு மேல். பாதியாக்கினால் யாருடைய தட்டிலும் கை வைக்காமலேயே 170 கலோரி குறைகிறது. எண்ணெயைப் புட்டியிலிருந்து சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றினோம், அவ்வளவுதான். இரண்டாவது மாதத்தில் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாளுக்கு மொத்தமாக 300, 400 கலோரிக்கு மேல் நான் குறைக்கவில்லை. பசியோடு தூங்கிய இரவு ஒன்றுகூட நினைவில்லை. மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டையும் விடவில்லை. தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் வருஷத்தில் நான்கைந்து முறை வரும். மகிழ்ச்சியாகச் சாப்பிட்டேன். மறுநாள் தராசு ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும், அது உப்பும் தண்ணீரும் வயிற்றில் இருக்கிற உணவும். மூன்று நாளில் போய்விடும். ஒரு நாள் எடையைப் பார்த்து அழுகிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாரச் சராசரியைப் பாருங்கள். அதைவிட, ஒரு நூலை எடுத்து உங்கள் உயரத்துக்கு அளந்து, பாதியாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். நூல் எட்ட வேண்டும். என் நூலுக்கு இன்னும் ஐந்து சென்டிமீட்டர் பாக்கி இருக்கிறது.

2024 பொங்கலுக்குப் பிறகு ஏழு வாரம் எதுவும் அசையவில்லை. சாப்பாட்டை இன்னும் வெட்டலாமா என்று கை பரபரத்தது. வெட்டவில்லை. நோட்டைப் புரட்டினேன். பொதுத்தேர்வு நெருங்கிய நாள்கள் அவை. சிறப்பு வகுப்பு, ஐந்து மணி நேரத் தூக்கம், மாலையில் சர்க்கரை போட்ட டீ இரண்டு, அதனோடு கணக்கில் எழுதாத வறுத்த நிலக்கடலை. நிலக்கடலை நல்ல உணவுதான், ஆனால் 50 கிராம் 280 கலோரி. இரவு பத்தரைக்குப் படுப்பதை ஒரு கட்டாயமாக்கினேன், கடலையை அளந்து எடுத்தேன். மார்ச் முடிவில் எடை மறுபடி இறங்கத் தொடங்கியது. தூக்கம் கெட்டால் பசி கூடுகிறது என்பதை என் நோட்டே எனக்குக் காட்டியது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மாத்திரை எடுக்கவில்லை, அதனால் சோற்றைக் குறைப்பதில் எனக்கு ஆபத்து இல்லை. நீங்கள் குறைத்தால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகு தொடங்குங்கள்.

2024 மே மாதம் இரண்டாவது 61. தரையிலிருந்து 55 கிலோவை ஐந்து முறை தூக்கினேன். ஹெச்பிஏ1சி 5.6. அதே மாதம் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதிய உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் கலோரி வர வேண்டாம் என்றும், புரத மாவுகளைத் தவிர்க்கலாம் என்றும் அதில் இருந்ததைப் படித்தபோது, என் தட்டு ஏறத்தாழ அங்கே வந்து சேர்ந்திருந்தது. மாவு டப்பா எதையும் நான் வாங்கவில்லை. மீனும் முட்டையும் பருப்பும் எட்டுகிற இடத்தில் அது தேவைப்படவில்லை.

முதல் 61இல் ஆசிரியர் அறையில் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள். இரண்டாவது 61இல் “பன்னிரண்டு கிலோ குறைந்திருக்குமா?” என்று கேட்டார்கள். நாலரைதான் என்றால் நம்பவில்லை. பளு தூக்கினால் ஆண்பிள்ளை உடம்பு வந்துவிடும் என்று எச்சரித்த தோழி ஒருத்தி என் ஜாக்கெட் அளவைக் கேட்டாள். தோள் அரை அங்குலம் கூடியிருந்தது, இடுப்பு மூன்று அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது. அவளும் இப்போது சனிக்கிழமை என்னோடு வருகிறாள்.

அந்த ஆண்டுக் கொடைக்கும் ஊருக்குப் போனோம். பந்தியில் கையை ஊன்றாமல் எழுந்தேன். அம்மாவுக்குக் கை கொடுத்தது நான். அந்தக் கையின் எலும்பும் தோலும் என் உள்ளங்கையில் அகப்பட்டபோது மனது தாங்கவில்லை. திரும்பி வரும்போது அம்மாவைக் கையோடு பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டேன். மருத்துவரிடம் காட்டி, அவர் சரியென்ற பிறகு, என் நோட்டிலேயே அம்மாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். காலை இட்லியோடு ஒரு முட்டை, இரவு தயிர். பயிற்சி ஒன்றே ஒன்று. கைப்பிடி உள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழ வேண்டும்.

முதல் நாள், ஜூன் மாதம்: 3, இரண்டு கையும் ஊன்றி. ஆடியில்: 5, ஒரு கை. “இன்றைக்கு இன்னொன்று எழட்டுமா?” என்று அம்மாவே கேட்ட நாளுக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். கார்த்திகைத் தீபத்தன்று: 7, கைப்பிடியைத் தொடவில்லை.